லேசர் முடிநீக்கமும் மாநிறத் தோலும்

லேசர் முடிநீக்கம் என்பது சீரொளியின் வெப்பத்தால் மயிர்க்காலைச் சிதைத்து, வேண்டாத முடி வளர்வதைக் குறைக்கும் மருத்துவ முறையாகும். இவ்வொளி தாக்குவது முடியை அன்று, அதிலுள்ள மெலனின் என்னும் கருநிறமியை. அதே நிறமி தோலிலும் உள்ளது. வெளிர்தோலும் கருமுடியும் உடையோருக்கு முதலில் பொருந்திய இம்முறை, மாநிறத் தோலுக்கு ஏற்றதாக மாறச் சில ஆண்டுகள் ஆயின.

முடிநீக்கத்தின் வரலாறு மிகப் பழையது. முகத்தில் பூனைமுடி வளராது என நம்பிக் கஸ்தூரி மஞ்சள் பூசிக் குளிப்பது தமிழ்ப் பெண்களின் வழக்கம். சுசுருத சங்கிதை, சங்குப்பொடி இரண்டு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் காடியில் அரைத்துப் பூசும் முடிநீக்கி ஒன்றைக் கூறுகிறது. அரிதாரம் ஆர்செனிக் அடங்கிய மஞ்சள்நிறக் கனிமம், நஞ்சும்கூட. கூத்தர் முகப்பூச்சுக்கும் அது பயன்பட்டதால் ஒப்பனைக்கே அப்பெயர் நிலைத்துவிட்டது.

1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் கண் மருத்துவர் சார்லஸ் மிச்சல், கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடியை, மின்சாரம் பாயும் ஊசியால் வேரோடு அழித்தார். முடி ஒவ்வொன்றுக்கும் ஊசி செருக வேண்டியிருந்ததால் விரைவான வழி தேடப்பட்டது. எக்ஸ் கதிர் கண்டறியப்பட்ட மறு ஆண்டான 1896இல், வியன்னாவின் லியோபோல்ட் பிராய்ண்ட் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த முடி அடர்ந்த மச்சத்தின்மேல் அக்கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது, பின்னர் புண்ணும் உண்டானது. இருந்தும் 1920களில் அமெரிக்க அழகு நிலையங்களில் வலியில்லா முறை என்ற பெயரில் எக்ஸ் கதிர்க் கருவிகள் பரவின. அவற்றின் முன் அமர்ந்த பெண்கள் பலருக்குத் தோல் சுருங்கியது, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயும் வந்தது. கேடு உடனே தெரியாததே அக்கருவிகள் இவ்வளவு பரவியதற்குக் காரணம்.

தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கினார். குறிப்பிட்ட நிறமியை மட்டும் சூடாக்கிச் சுற்றியுள்ள திசுவை விட்டுவைக்கலாம் என்ற கொள்கையை 1983இல் ஆண்டர்சனும் பாரிஷும் வெளியிட்டனர். முடிநீக்க லேசருக்கு அமெரிக்க அரசின் முதல் ஒப்புதல் 1995இல் கிடைத்தது. தொடக்கக் கருவிகளுள் ஒன்றான ரூபி லேசரின் 694 நானோமீட்டர் ஒளியை மேல்தோலின் மெலனினும் மிகுதியாக உறிஞ்சும். எனவே கருந்தோலில் கொப்புளமும் தழும்பும் நிறமாற்றமும் ஏற்பட்டன. 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடு, 1064 நானோமீட்டர் என்டி-யாக் ஆகிய லேசர்களும், தோலைக் குளிர்விக்கும் முனைகளும் வந்தபின் நிலைமை மாறியது. என்டி-யாக் ஒளி மேல்தோலில் குறைவாகவே தங்கி ஆழம் செல்வதால் கருந்தோலுக்கு அதுவே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்த தோல்வகைப் பட்டியலிலும் மாநிறமும் கருநிறமும் பிறகே சேர்ந்தன. இந்தியர் பெரும்பாலோர் அதன் நான்காம், ஐந்தாம் வகையினர்.

ஆகவே கருவியின் வகையையும் அதை இயக்குபவரின் தகுதியையும் முதலிலேயே கேட்டறிவது நல்லது. சிறு இடத்தில் சோதித்துப் பார்த்துச் சில நாள் பொறுத்தபின் மற்ற இடங்களில் செய்வதே முறை. வெயிலில் கறுத்த தோலில் தீப்புண் வாய்ப்பு கூடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நாள்தோறும் இருசக்கர வண்டியில் சென்றுவருபவரின் முன்கையும், ஆடைக்குள் மறைந்த தோள்பட்டையும் ஒரே அளவு ஒளியைத் தாங்கா. நூலிட்டோ மெழுகிட்டோ பிடுங்கினால் லேசர் தாக்க வேர் இராது. சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்பே அவற்றை நிறுத்திவிட்டு மழிக்கலாம். வளரும் பருவத்து முடி மட்டுமே அழிவதால் சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவை. பெண்களுக்குத் தாடையில் திடீரென முடி அடர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டி, இயக்குநீர்க் கோளாறு உள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். அரிதாகச் சிலருக்கு, சிறப்பாக முகத்தில், லேசருக்குப்பின் முடி கூடுவதும் உண்டு.

விளம்பரங்கள் 'நிரந்தர நீக்கம்' என்றாலும் அமெரிக்க அரசு ஏற்ற சொல் 'நிரந்தரக் குறைப்பு' என்பதே. நரைத்த முடியில் நிறமி இல்லாததால் லேசருக்கு அங்கு வேலையில்லை. அதற்கு மிச்சலின் மின்னூசி முறையே இன்றும் பயன்படுகிறது.