பாலாற்றில் நாமே கல் அடுக்கி அணை கட்டலாமா? மணலும் சட்டமும் சொல்வது என்ன?

பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்துவிட்டால் காஞ்சிபுரம் ஓரிக்கை, வாலாஜாபாத் பக்கமெல்லாம் வேடிக்கை பார்க்க கூட்டம் கூடிவிடும். அப்போது தவறாமல் காதில் விழும் பேச்சு இது: "எல்லாம் வீணா கடலுக்குத்தானே போகுது, நாமே நாலு கல்லைப் போட்டு நிறுத்தினா என்ன?"

கேள்வி நியாயமானதுதான். ஆற்றுக்குக் குறுக்கே அணை என்பது காஞ்சிபுரத்துக்குப் புதிதும் இல்லை. பிரம்மாவின் யாகத்தைக் கலைக்க சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தபோது, பெருமாளே குறுக்கே படுத்து அணையானார் என்பதுதான் திருவெஃகா யதோக்தகாரி கோயிலின் தல வரலாறு. 'வேகவணை' என்பதே வெஃகா ஆனது என்பார்கள். ஆனால் மனிதர்கள் அடுக்கும் கல் ஆற்றில் நிற்குமா?

கல் ஏன் நிற்பதில்லை?

முதல் காரணம் தண்ணீரின் அழுத்தம். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். உயரத்தை இரண்டு மீட்டராக்கினால் அது இரட்டிப்பு ஆகாது, நான்கு மடங்காகி 2,000 கிலோவைத் தொடும். அதே நேரம், தண்ணீருக்குள் இருக்கும் கல்லின் எடை குறைந்துவிடும். 100 கிலோ கருங்கல் தண்ணீரில் சுமார் 63 கிலோதான்.

இரண்டாவது, வேகம். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு ஆகும் என்பது நீரியலில் பழைய கணக்கு. சாதாரண நாளில் அசையாத கல், வெள்ள நாளில் கூழாங்கல் மாதிரி ஓடும். 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்ததே, நினைவிருக்கிறதா? வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலமே அப்போது தாங்கவில்லை.

மூன்றாவதுதான் பாலாற்றுக்கே உரியது. இங்கே ஆற்றின் அடியில் இருப்பது பாறை அல்ல, ஆழமான மணல். மேலே கல்லை அடுக்கினால் தண்ணீர் மணலுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். போகிற போக்கில் மணலையும் அரித்துக்கொண்டு போகும். கல் இறங்கும், அணை உட்காரும். இல்லையென்றால் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி கரையை அறுக்கும். கரையில் இருப்பது யாரோ ஒருவருடைய நிலம்!

அப்படியானால் கல்லணை எப்படி நிற்கிறது?

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணையும் காவிரி மணல் மேல்தான் இருக்கிறது. கல் மணலில் இறங்கும் என்பதையே அங்கே உத்தியாக மாற்றினார்கள். பெரிய பாறைகளைப் போட்டார்கள். அவை மணலில் புதைந்து, மேற்கொண்டு இறங்காத ஆழம் வந்ததும், அதற்கு மேல் அடுத்த அடுக்கு, இடையே களிமண் பூச்சு. அடி தெரியாத மணலில் அஸ்திவாரம் போடுவதை இந்த அணையைப் பார்த்துதான் கற்றுக்கொண்டோம் என்று 19-ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஆர்தர் காட்டனே எழுதியிருக்கிறார். நாலு பேர் ஞாயிற்றுக்கிழமையில் செய்யும் வேலை இல்லை அது.

இன்றைய தடுப்பணையிலும் கண்ணுக்குத் தெரியாத பகுதிதான் முக்கியம். அடியில் இறங்கும் தடுப்புச் சுவர், கரைக்குள் நுழையும் பக்கச் சுவர், தண்ணீர் விழும் இடத்தில் அரிப்பைத் தடுக்கும் தளம். பாலாற்றில் வாயலூரிலும் வல்லிபுரத்திலும் அரசு கட்டிய தடுப்பணைகளில் மேலே தெரியும் சுவரை மட்டும் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிடக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆற்றுப் படுகை அரசு நிலம். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே இதைச் சொல்லிவிட்டது. பட்டா நிலத்தின் ஓரமாக ஆறு ஓடினாலும், ஆற்றுக்குள் கட்ட நமக்கு உரிமை கிடையாது. விவசாயத்துக்கோ குடிநீருக்கோ போகும் தண்ணீர் குறையும் என்று தெரிந்தே ஒருவர் சேதம் விளைவித்தால், பாரதிய நியாய சன்ஹிதா 326-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு.

இவ்வளவு கடுமை ஏன்? நம்மூர் அனுபவமே போதும். ஆந்திர எல்லையில் பெரும்பள்ளம் தடுப்பணையின் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தியதற்காக, தமிழ்நாடு அரசு 2016-ல் உச்ச நீதிமன்றம் போனது. பாலாற்றின் மேற்பகுதியில் சென்னை மாகாணத்தின் சம்மதம் இல்லாமல் புதிய அணை கூடாது என்பது 1892 ஒப்பந்தம். மேலே இருப்பவர் 7 அடி உயர்த்தினால் கீழே இருக்கும் நமக்குக் கோபம் வருகிறது. நாம் அடுக்கும் கல்லுக்குக் கீழேயும் ஊர்கள் இருக்கின்றன. காஞ்சிபுரத்துக்கு மட்டுமல்ல, கடல் வரை பல ஊர்களுக்குக் குடிநீர் இந்தப் படுகையில் இருந்துதான் போகிறது.

உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பாலாற்றிலேயே உதாரணம் உண்டு. 1903 நவம்பரில் மேற்பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளத்தில் வாணியம்பாடியில் சுமார் 200 பேர் இறந்தார்கள். அதன் நினைவுத்தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

அனுமதி இல்லாமல் கட்டி ஜெயித்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் ராஜேந்திர சிங்கும் கிராம மக்களும் 1985-ல் தொடங்கி ஏராளமான மண் தடுப்பணைகளைக் கட்டினார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் தொட்டது ஆற்றை அல்ல, ஆற்றுக்கு வரும் சின்னச் சின்ன ஓடைகளை. முடிவெடுத்ததும் தனி ஆள் அல்ல, ஊர்ச் சபை. அப்படியும் 2001-ல் லாவா கா பாஸ் என்ற ஊரில் கட்டிய அணையை, கீழே உள்ள பரத்பூருக்குத் தண்ணீர் உரிமை இருக்கிறது என்று சொல்லி இடிக்க உத்தரவிட்டது அரசு. மக்கள் திரண்டு தடுத்தார்கள். 2003 மழையில் அது உடைந்தது.

குழந்தைகள் விளையாட்டாகக் கட்டுவது?

கணுக்கால் அளவு ஓடையில் கல் அடுக்குவதை உலகம் முழுக்க குழந்தைகளும், ஏன், பெரியவர்களும் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். கிளம்பும்போது கலைத்துவிட்டு வந்தால் பெரிய பாதிப்பு இல்லை. இதிலும் கறாராக இருக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் ஓடைக் கல்லை நகர்த்தவே கூடாது. கல்லுக்கு அடியில்தான் ஹெல்பெண்டர் என்ற நீர்வாழ் உயிரினம் முட்டையிடுகிறது. நம்மூர் அயிரை மீனுக்கும் ஆற்றின் அடிமணல்தான் வீடு.

சரி, நாம் என்னதான் செய்வது?

பாலாற்றின் உண்மையான நீர்த்தேக்கம் அதன் மணல்தான். மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே தண்ணீர் ஓடும். அந்தக் காலத்தில் படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அந்தத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே கல் போடுவதைவிட மணல் போகாமல் பார்த்துக்கொள்வது பெரிய வேலை.

கைவேலை செய்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு ஏரி இருக்கிறது. உத்திரமேரூர் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் என்று தனிக்குழுவே வருகிறது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921-ஆம் ஆண்டுகள். ஊரே சேர்ந்து வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்தை, 2017-ல் தமிழ்நாடு அரசு மறுபடி தொடங்கியதும் அப்போதைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் மணிமங்கலத்தில்தான்.

உங்கள் ஊர் ஓடையில் தடுப்பணை வேண்டுமென்றால் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவரலாம். ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம். ஏரி வேலை என்றால் யாரைப் பார்ப்பது என்ற குழப்பம் வரும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மனுவை அங்கே கொடுக்க வேண்டும்.