துப்புரவு ஒப்பந்தப் பணியில் கொத்தடிமைத் தடுப்பு

குப்பை அள்ளும் நிறுவனங்களும் அவற்றுக்கு ஆள் பிடித்துத் தரும் துணை ஒப்பந்தக்காரர்களும் முன்பணம், கூலிப் பிடித்தம் ஆகியவற்றால் தொழிலாளரைக் கட்டிப்போடுவதைத் தடுக்கும் சட்ட ஏற்பாடு. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் போன்ற பேரூராட்சிகளில் குப்பை அகற்றுவது உள்ளாட்சியின் கடமை. அதை ஒப்பந்தத்துக்கு விட்டாலும் பொறுப்பு கைமாறுவதில்லை: ஒப்பந்தக்காரர் கூலி தராவிட்டால் ஒப்பந்தம் விட்ட முதன்மை வேலையளிப்பவரே தரவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்தது.

அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடைசெய்கிறது. பூட்டிய கொட்டடி இருந்தால்தான் கொத்தடிமை என்ற எண்ணத்தை 1982இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றது. துப்புரவுப் பணிக்கு இதைவிடப் பொருந்தும் தீர்ப்பு அரிது.

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனை ரத்துசெய்தது. ஒரு கடன் அத்தகையது அல்ல என மெய்ப்பிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மேல் வைத்தது. மாவட்ட, கோட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்களும் உண்டு. தண்டனை அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை, 2,000 ரூபாய் அபராதம். இன்றைய விலைவாசியில் அந்த அபராதம் யாரையும் அச்சுறுத்தாது.

குப்பை அகற்றும் சங்கிலியின் கடைசிக் கண்ணி, பழைய இரும்புக் கடைக்குப் பிளாஸ்டிக் பொறுக்கித் தருவோர். எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாத இவர்களை அடையாளம் கண்டு பணியில் இணைக்கும்படி 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளைப் பணித்தன.