ஐஸ் ஹவுஸில் என் அத்தை

போன மாதம் லீவுக்குப் பேரன் வந்திருந்தான். அவனை அழைத்துக்கொண்டு மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோ பிடித்தேன். "விவேகானந்தர் இல்லம்" என்றேன். டிரைவர் யோசித்தார். "ஐஸ் ஹவுஸ்" என்றதும் வண்டியைக் கிளப்பிவிட்டார். பெயர் மாறி அறுபது வருஷம் ஆகியும் ஊர் வாயில் பழைய பெயர்தான்.

"ஐஸுக்கு ஒரு வீடா தாத்தா?" என்றான் பேரன். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டூடர். குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துபோகும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி விற்றவர். 1833இல் அவருடைய முதல் கப்பல் கல்கத்தாவுக்கு வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. ஏற்றிய 180 டன்னில் 100 டன் போலக் கரையாமல் வந்ததாம். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகில் சரக்கு கரைக்கு வரும். கடலும் இன்றைக்கு இருப்பதைவிட அருகில் இருந்தது. வந்த ஐஸைச் சேமிக்க 1842இல் கட்டியதுதான் இந்த வட்டமான கட்டடம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் இதேபோல் கட்டினார்கள். மிஞ்சியது நம்முடையது மட்டும்தான்.

இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் டூடர் வியாபாரம் படுத்துவிட்டது. ஹைகோர்ட் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கினார். ஜன்னலும் தாழ்வாரமும் வைத்துக் குடியிருக்கும்படி மாற்றி, நண்பரான நீதிபதி கெர்னன் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயர் சூட்டினார். அகழியோ பீரங்கியோ இல்லாத கோட்டை!

அந்தக் கோட்டையில்தான் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை தங்கினார். சென்னை அன்பர்கள் கேட்டுக்கொண்டதால் ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். தென்னாட்டின் முதல் ராமகிருஷ்ண மடம் இங்கேதான் நடந்தது. 1906இல் வீடு ஏலத்துக்குப் போனது. மறுவருஷம் மடம் மயிலாப்பூருக்கு வந்தது. நாம் தினம் பார்க்கிற மடத்தின் கதை இதுதான்.

ஸ்வாமிஜி தங்கிய அறை இப்போது தியான அறை. பேரன் சத்தமில்லாமல் உட்கார்ந்தான். எனக்கு மனம் ஒருமிக்கவில்லை. கண் சுவரையும் ஜன்னலையும் துழாவிக்கொண்டிருந்தது. காரணம் என் பெரிய அத்தை.

1917இல் அரசாங்கம் இந்த வீட்டை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய விதவைகள் இல்லம் இங்கே இயங்கியது. அவரே பாலிய விதவை. 1911இல் பி.ஏ. தேறியவர், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை.

அப்பாவின் அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் தாலி போயிற்று. ஊரார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், தாத்தா அவளைக் கும்பகோணத்திலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்து இங்கே விட்டார். அத்தை படித்தாள், பயிற்சி முடித்தாள், டீச்சரானாள். மாதாமாதம் அவள் அனுப்பிய மணியார்டரில்தான் அப்பா காலேஜ் முடித்தார். அப்பா படித்ததால் நான் படித்தேன். இன்றைக்கு ஒண்ணாம் தேதி எனக்கு வருகிற பென்ஷனுக்கு வேர் இந்தக் கட்டடத்தில் இருக்கிறது.

"ராத்திரி அலைச் சத்தம் கேட்டுண்டே தூங்குவோம். காலம்பற எழுந்தா எதிரே வந்து நின்னாலும் யாரும் சகுனம் பார்க்க மாட்டா. அதுவே பெரிசா இருந்தது" என்பாள் அத்தை. சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு அலைச் சத்தம் மட்டும்தான் புரிந்தது.

1963இல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டிப் பெயர் மாறியது. 1997இல் மடத்துக்குக் குத்தகைக்கு வந்து, 1999இல் கண்காட்சியும் திறந்தார்கள். 

வெளியே வந்ததும் பேரனிடம் அத்தை கதையைச் சொன்னேன். "அவங்க ரூம் எது தாத்தா?" என்றான். அத்தை இருந்தபோது கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

அவன் திரும்பி நின்று மேல்மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தான். "எல்லாத்தையும் எடுத்துட்டேன் தாத்தா. இதுல ஏதோ ஒண்ணு அவங்களோடது" என்றான்.

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.