கண்டிக்கும் ஒரு கடல் இருந்தது

கண்டியில ஏது கடல்? வாவிதான் இருக்கு. ஆனா மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடா ஒருகாலத்தில் கண்டி அரசின் கடல்வாசல். 1660இல் பாய்மரம் இழந்த கப்பலைச் சரிசெய்ய அங்கே வந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரை இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தப்பிப்போக அவருக்கு 19 வருடம் எடுத்தது!

மலையிலிருந்து பாக்கு இறங்கியது. உப்பும் துணியும் ஏறின. 1766 ஒப்பந்தத்தில் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு உப்பு அள்ளக்கூட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் குடிகளுக்கு அவர்களின் அனுமதி வேணும். கண்டி 1815இல் விழுந்தது என்று படிக்கிறோம். என்னைக் கேட்டால், பாதி விழுந்தது 1766இலேயே.

இன்றைக்கு கண்டியிலிருந்து பஸ் பிடித்து நிலாவெளிக்குக் குளிக்கப் போறோம். மூதூரை மட்டும் எங்கட பயணத்தில் யாரும் சேர்ப்பதில்லை.