அம்மா கட்டி முடித்த கடன்

மலருக்காகப் பழைய பதிவேடுகளை எடுத்து வைக்கச் சொல்லிக் கூட்டமைப்பிலிருந்து தகவல் வந்தது. எங்கள் சங்கத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து தூசி தட்டினது நான்தான். அம்மா பேர் இருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துட்டு மூடிடலாம்னு உட்கார்ந்தேன். மூட முடியல.

புதுசா சேர்ந்த தங்கச்சிங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்லணும். அரசாங்கத்தின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களை முதன்முதலில் தொடங்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான், 1989-ல். சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு நடந்தது. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டம்தான், 2004-லதான் தனியாகப் பிரிஞ்சது. மகளிர் திட்டம்னு பேர் வைத்து மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது 1997-98-க்கு அப்புறம்.

அதுக்கு முன்னாடி எங்க மாதிரி கூலிக்காரங்க பேங்குக்குப் போனா, பத்திரம் இருக்கா, வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவாரான்னு கேள்வி வரும். அம்மாகிட்ட ரெண்டும் இல்லை. அப்பா நாங்க சின்னதா இருக்கும்போதே போயிட்டார். குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தை நபார்டு 1992-ல் 500 குழுக்களோடு ஆரம்பித்தது. குழுவின் ஒழுங்கான சேமிப்பும் தீர்மானமுமே ஈடு என்று ஆனது அப்படித்தான். எங்க சங்கத்துக்கு அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் வாரம் ஐந்து ரூபாய் சேமிப்புதான் எங்க பேங்க்.

அம்மா சங்கத்துல சேர்ந்தது எனக்குப் பிடிக்கலை. இதை மறைக்காம எழுதறேன். நானும் வீட்டுக்காரரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனோம். தகரக் கொட்டகையில், சிமெண்ட் மூட்டை நடுவுல பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது? மூணு வயசு மகளை அம்மாகிட்ட விட்டுட்டுப் போனேன். பிள்ளை அவங்களை அம்மான்னு கூப்பிட்டுப் பழகிடுச்சு. நான் ஊருக்கு வந்தா 'பெங்களூரு அம்மா'.

ஒரு பொங்கலுக்கு வந்தப்போ பிள்ளை போட்டிருந்த கவுன் தோள்ல கிழிஞ்சு தைத்திருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. "நான் மணியார்டர்ல அனுப்பற காசெல்லாம் எங்க போகுது? சங்கத்துலயே கொண்டு கொட்டறியா?" என்று வாசல்ல நின்னு கத்தினேன். அக்கம்பக்கம் எல்லாம் கேட்டது. அம்மா ஒண்ணும் பேசலை. கோழி அடிச்சுக் குழம்பு வைத்தாங்க. களி கிண்டிப் போட்டாங்க. நாங்க சாப்பிட்டோம்.

இப்போ பதிவேட்டுல இருக்கிறதைச் சொல்றேன். அந்தப் பொங்கலுக்கு முந்தின ஐப்பசியில ஒரு கடன் விழுந்திருக்கு. "பேத்தி வைத்தியம், ரூ. 600". எதிரில் அம்மாவின் பெருவிரல் ரேகை.

அப்போ ஊக்குநரா இருந்த அத்தைகிட்ட ஓடிப்போய்க் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? ராத்திரியில பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்துடுச்சு. பணப்பெட்டி சாவி மூணு பேர்கிட்ட இருக்கும். மூணு பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்தா உங்கம்மா. தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு நடந்தே போனா. உன்கிட்ட சொல்லவேண்டாம்னுட்டா. சொன்னா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா, மேஸ்திரிகிட்ட வாங்கின முன்பணம் இருக்குதுன்னா."

நம்ம வட்டி நூத்துக்கு ரெண்டு. முதல் மாசம் அசல் 50, வட்டி 12. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். ஒழுங்காக் கட்டினா 12 மாசத்துல மொத்தம் 678 ரூபாயில் தீர்ந்துடும். ஊர்ல வட்டிக்காரர் வாங்கினது நூத்துக்குப் பத்து. அவர்கிட்ட வாங்கியிருந்தா மாசம் 60 வட்டிக்கே போகும், வருஷத்துல 720 கட்டியும் அசல் 600 அப்படியே நிற்கும். அம்மா பள்ளிக்கூடம் போகாதவங்க. இந்தக் கணக்கு அவங்களுக்கு விரல் நுனியில இருந்தது. களை எடுத்தும், புளி சீசன்ல ராத்திரி விளக்கு வச்சுக் கொட்டை எடுத்தும் கட்டியிருக்காங்க.

அம்மாவுக்கு 13 மாசம் ஆச்சு. நடுவுல ஒரு மாசம் "கட்டவில்லை, அபராதம் ரூ. 2" என்று இருக்கு. அது தை மாசம். நாங்க பொங்கலுக்கு வந்து கோழிக்குழம்பு சாப்பிட்ட மாசம்.

கடைசி வரியில் "கடன் தீர்ந்தது". அங்கே ரேகை இல்லை. கோணல்மாணலா ஒரு கையெழுத்து. அந்த வருஷம் மகள் ஒண்ணாவது சேர்ந்திருந்தாள். ஆயாவுக்கு ஸ்லேட்டுல கையைப் பிடிச்சு எழுதச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு. கடைசி வரைக்கும் அம்மா அப்படியேதான் கையெழுத்துப் போட்டாங்க, பேங்கிலும் அதுதான் பதிவு.

மகளுக்கு இப்போ ரெண்டு பிள்ளைங்க. போன்ல இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஆஸ்பத்திரி வாசல்ல ஆயா எனக்குப் பன்னு வாங்கிக் குடுத்துச்சும்மா. அது சாப்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை" என்றாள்.

அம்மா படம் ஒண்ணு மலருக்குக் கேட்டாங்க. வீட்டில் மாலை போட்ட படம் நல்லாவே இருக்கு. நான் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக்கொடுத்தேன். "கடன் பக்கத்தையா போடறது?" என்று தலைவி கேட்டாங்க. ஆமான்னேன்.