மருத்துவக் கழிவு: பின்வாசலில் நிற்பவர் யார்?

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் 'பசுமை மருத்துவமனை' பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. உலகின் நிகர பசுமை இல்ல வாயு உமிழ்வில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு மருத்துவத் துறையினுடையது என 2019இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. கூரையில் சூரியத் தகடுகள் வேண்டும்தான். ஆனால், அதே கட்டடத்தின் பின்வாசலில் கழிவுப் பைகளைத் தூக்கும் பணியாளரைப் பற்றி இப்பேச்சில் அரிதாகவே ஒரு சொல் வருகிறது. தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளருள் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களுள்ளும் அருந்ததியர் மிகுதி என்பதை நாம் அறிவோம்.

மருத்துவக் கழிவில் சுமார் 85 விழுக்காடு வீட்டுக் குப்பை போன்றதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். எஞ்சிய 15 விழுக்காடு அதனுடன் கலந்துவிட்டால் அத்தனையும் நஞ்சுதான். எனவேதான் 1998ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவு உருவாகும் இடத்திலேயே அதைப் பிரிக்கச் சொல்கின்றன. உடலுறுப்பும் குருதி தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பையில், நெகிழிக் குழாய்கள் சிவப்பில், ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைக் கலத்தில், கண்ணாடி நீலத்தில். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. குளோரின் கலந்த நெகிழியை எரித்தால் டையாக்சின் எழும் என்பதால் அத்தகைய பைகளும் கையுறைகளும் கைவிடப்பட வேண்டும் என்றும் அவை கூறுகின்றன.

மருத்துவர் பிரிக்கத் தவறிய ஊசி யாருடைய கையில் ஏறுகிறது? எரியூட்டியின் புகை எந்தக் குடியிருப்பின்மேல் படிகிறது? 2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின்னரே கேரளம் அதைத் திரும்ப எடுத்துச் சென்றது. அள்ளிய கைகளைப் பற்றி எத்தனை செய்திகள் பேசின?

வெள்ளம் வந்தால் இந்த அநீதி இரட்டிப்பாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையை மீட்கப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்துவரப்பட்டனர். தெருவில் தேங்கிய நீரில் ஊசி கிடந்தால் அதை எந்த வண்ணப் பையும் தடுக்காது.

2016 விதிகளில் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. சுகாதாரப் பணியாளர் மட்டுமல்லாது கழிவைக் கையாளும் பிறருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, பாதுகாப்புக் கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை ஆகியன மருத்துவமனையின் கடமை. ஒப்பந்தப் பணியாளர் என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது. அரசு மருத்துவமனைகளில் எத்தனை ஒப்பந்தப் பணியாளருக்குத் தடுப்பூசி போடப்பட்டது, எத்தனை ஊசிக்குத்துகள் பதிவாகின எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.