பிளேக்கும் வதந்தியும்: பம்பாய் மாகாணத்தின் அனுபவம்

1896ஆம் ஆண்டு செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவி வட்டாரத்தில் தலைகாட்டி, அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிளேக் நோயின் வரலாறு, எது மெய், எது பொய் என்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாத காலத்தில் ஓர் அரசும் அதன் குடிமக்களும் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பதன் வரலாறும் ஆகும். அக்காலத்து வதந்திகளை வெறும் அறியாமையின் விளைவு என்று ஒதுக்குவது எளிது. ஆனால், அவை எங்கே, எப்போது, எந்த நடவடிக்கையைத் தொடர்ந்து பிறந்தன என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், அறியாமை மக்களிடம் மட்டும் இருந்ததன்று என்பதும், விளக்கம் தராத வற்புறுத்தலே வதந்திக்கு உரமாயிற்று என்பதும் புலப்படும்.

அக்குள், கழுத்து, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நெறி கட்டி, கடுங்காய்ச்சலோடு சில நாட்களில் ஆளைச் சாய்க்கும் இந்நோயைப் பிளேக் என்று முதலில் இனங்கண்டு அறிவித்தவர், கோவாவில் பிறந்து பம்பாயில் மருத்துவம் பார்த்துவந்த அக்காசியோ கேப்ரியேல் வியேகாஸ் ஆவார். அவர் நகராட்சியின் உறுப்பினராகவும் இருந்தபோதிலும், கப்பல் போக்குவரத்தும் பருத்தி வாணிகமும் முடங்கிவிடும் என்ற அச்சத்தால் அதிகார வட்டாரங்கள் நோயின் பெயரைச் சொல்லத் தயங்கின. அரசு தயங்கிய அளவுக்கு ஊர்ப்பேச்சு பெருகிற்று. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் வாழ்ந்த நகரிலிருந்து 1897 பிப்ரவரிக்குள் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர் என்று மதிப்பிடப்பட்டது. அவர்களோடு நோயும், நோயைப் பற்றிய பேச்சும் ரயிலேறி ஊர் ஊராகச் சென்றன.

பிளேக் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சினும், தனியே ஆய்வு செய்த ஜப்பானியர் கிட்டசாட்டோவும் கண்டறிந்திருந்தனர். ஆனால் அக்கிருமி மனித உடலுக்குள் எவ்வழியே புகுகிறது என்பது பம்பாய் அதிகாரிகளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தை அவர்கள் பழைய கோட்பாடு ஒன்றால் நிரப்பினர். அசுத்தமும் நெரிசலும் கெட்ட காற்றுமே நோயைப் பிறப்பிக்கின்றன என்பதே அது. அதன்படி சாக்கடைகள் கார்பாலிக் அமிலம் கலந்த நீரால் கழுவப்பட்டன. வீடுகளின் ஓடுகள் பிரிக்கப்பட்டு, தரை தோண்டப்பட்டு, சுவர்கள் சுண்ணாம்பு பூசப்பட்டு, துணிமணிகள் எரிக்கப்பட்டன. நோய் எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியால் பரவியது என்பதை இன்று அறிந்த நிலையில் நோக்கும்போது, இந்நடவடிக்கைகளில் பெரும்பாலானவை நோயைத் தடுக்கவில்லை என்பதும், சில எலிகளைக் கலைத்து அண்டை வீடுகளுக்கு விரட்டியிருக்கக்கூடும் என்பதும் தெளிவாகின்றன. வடக்கே கட்வால், குமாவுன் மலைநாட்டு மக்களோ, வீட்டில் எலிகள் செத்து விழுந்தால் 'மகாமாரி' வருகிறது என்று உணர்ந்து ஊரைக் காலிசெய்யும் வழக்கத்தை நெடுங்காலமாகப் பின்பற்றிவந்தனர். அந்த அனுபவ அறிவுக்கு அரசின் திட்டத்தில் இடம் கிடைக்கவில்லை.

1897 பிப்ரவரி 4ஆம் நாள் கொள்ளைநோய்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டம், பயணிகளைச் சோதிக்கவும், நோயுற்றோர் என்று ஐயுறப்படுவோரைப் பிரித்துவைக்கவும், தேவையெனக் கருதும் எந்த விதியையும் இயற்றவும் அதிகாரிகளுக்கு உரிமை தந்தது; மீறுவோருக்குத் தண்டனையும், நல்லெண்ணத்தோடு செயல்பட்டதாகக் கருதப்படும் அதிகாரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் வகுத்தது; மக்களுக்கு விளக்கம் சொல்லும் கடமையை எவர்மீதும் சுமத்தவில்லை. ரயில் நிலையங்களில் ஆண்களும் பெண்களும் பிறர் பார்க்கச் சோதிக்கப்பட்டனர். நோயுற்றவர் உறவினரிடமிருந்து பிரித்து மருத்துவமனைக்கும், உடனிருந்தோர் தனி முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோரின் உடல்கள் சோதனைக்கு உள்ளாயின.

இச்சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் பிறந்த வதந்திகளை வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட் விரிவாக ஆராய்ந்துள்ளார். நோயாளிகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படுவது அவர்கள் உடலிலிருந்து 'மோமியாய்' என்னும் தைலத்தை வடிப்பதற்கே என்று மேற்கிந்தியாவில் பேசப்பட்டது. மனித உடலிலிருந்து மருந்துத் தைலம் எடுக்கப்படுகிறது என்ற அந்நம்பிக்கை பிளேக்குக்கு மிக முற்பட்டது. புதிய அச்சம் பழைய கதையை எடுத்து உடுத்துக்கொண்டது. 1896 அக்டோபரில் பம்பாயிலிருந்த விக்டோரியா அரசியின் சிலைமேல் தார் பூசப்பட்டபோது, அந்த அவமதிப்புக்குப் பழிவாங்கவே குடிமக்களின் உறுப்புகள் கேட்கப்படுகின்றன என்ற பேச்சு கிளம்பிற்று. அதே மாதம் 29ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் ஏறக்குறைய ஆயிரம் பேர் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். வீட்டார் நோயை மறைத்து வைத்ததால் சாகும் தறுவாயிலேயே நோயாளிகள் அங்கே சேர்க்கப்பட்டனர். சேர்ந்தவருள் பெரும்பாலோர் இறந்தனர். உள்ளே போனவர் திரும்புவதில்லை என்று மக்கள் கண்ணால் கண்டதிலிருந்து, உள்ளே கொல்கிறார்கள் என்ற முடிவுக்கு வர அதிக தூரம் இருக்கவில்லை. அந்த முடிவு மேலும் பலரை நோயை மறைக்கத் தூண்டியது. மறைப்பு சாவைப் பெருக்கியது. சாவு வதந்தியை மெய்ப்பித்தது.

பூனாவில் நிலைமை இன்னும் கடுமையாயிற்று. டபிள்யூ. சி. ராண்ட் தலைமையிலான பிளேக் குழு, வீடுகளைச் சோதிக்கப் படைவீரர்களைப் பயன்படுத்தியது. சமையலறையிலும் பூசையறையிலும் அந்நிய வீரர் நுழைந்த கொதிப்பு அடங்காத நிலையில், 1897 ஜூன் 22 இரவு, அரசியின் அறுபதாம் ஆண்டு ஆட்சி விழா முடிந்து திரும்புகையில் பூனாவைச் சேர்ந்த சாபேகர் சகோதரர்களால் ராண்ட் சுடப்பட்டு, ஜூலை 3ஆம் நாள் இறந்தார். அதே காலத்தில் இங்கிலாந்திலிருந்த கோபால கிருஷ்ண கோகலே, பூனாவிலிருந்து வந்த கடிதங்களை நம்பி, வீரர்கள் பெண்களை மானபங்கம் செய்தனர் என்று மான்செஸ்டர் கார்டியன் நாளிதழிடம் கூறினார். நாடு திரும்பியபின் அக்குற்றச்சாட்டை மெய்ப்பிக்கச் சான்று கிடைக்காததால், தம் சொல்லைத் திரும்பப் பெற்று நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டார். அதனால் அவருக்கு நேர்ந்த இழிசொல் பெரிது. எனினும், மெய்ப்பிக்க முடியாததைப் பொதுவெளியில் திருத்திக்கொண்ட அச்செயல், அக்கொந்தளிப்பில் அரிதாகவே காணப்பட்ட நேர்மைக்குச் சான்றாகும். பூனாவின் துயரம் கற்பனை என்று இதனால் ஆகிவிடாது. முறையீட்டைக் கேட்டு விசாரிக்கும் நம்பத்தக்க அமைப்பு இல்லாத இடத்தில் உண்மையான குறையும் கேள்விப்பட்ட செய்தியும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றன என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

தடுப்பூசியின் கதை இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஒடேசாவில் பிறந்து, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றி, காலரா தடுப்பூசி ஆய்வுக்காக இந்தியா வந்திருந்த வால்டெமர் ஹாஃப்கின், வெப்பத்தால் கொல்லப்பட்ட பிளேக் கிருமிகளைக் கொண்டு தயாரித்த மருந்தை 1897 ஜனவரி 10ஆம் நாள் தம் உடலிலேயே செலுத்திப் பார்த்தபின், பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்கு அளித்து, போட்டுக்கொண்டோரையும் போடாதோரையும் ஒப்பிட்டார். மருந்து முழுப் பாதுகாப்புத் தரவில்லை; காய்ச்சலும் வீக்கமும் உண்டாயின; ஆயினும் நோயையும் சாவையும் அது குறைத்தது. ஊசி ஒரு கஜ நீளம், போட்டவுடன் உயிர் போகும், ஆண்மை அழியும் என்றெல்லாம் பேச்சுகள் எழுந்தபோது, கோஜா முஸ்லிம்களின் சமயத் தலைவர் ஆகா கான் தம் சமூகத்தினர் முன்னிலையில் தாமே ஊசி போட்டுக்கொண்டு அவர்கள் அச்சத்தைத் தணித்தார். அறிவிப்புகளால் இயலாததை அறிந்த முகம் ஒன்று செய்தது.

இவ்வாறு மெல்ல வளர்ந்த நம்பிக்கை 1902 அக்டோபர் 30ஆம் நாள் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் உடைந்தது. ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் வில்வாத சன்னி என்னும் தசை விறைப்பு நோயால் இறந்தனர். புட்டியைத் திறந்தபோது தரையில் விழுந்த இடுக்கி சரிவரத் தூய்மை செய்யப்படவில்லை என்ற செய்தி விசாரணையின்போது தெரியவந்தும், பழி ஆய்வகத்தின்மேல் சுமத்தப்பட்டு, ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். ரொனால்ட் ராஸ் முதலிய அறிவியலாளர்களின் எதிர்ப்புக்குப்பின் 1907இல்தான் அவர் குற்றமற்றவர் என்று ஏற்கப்பட்டார். அந்த ஐந்தாண்டுகளில் தடுப்பூசி இயக்கம் பஞ்சாபில் சரிந்தது. நாடெங்கும் 13 லட்சம் பேருக்கு மேல் பிளேக்கால் இறந்த 1907ஆம் ஆண்டில், மாண்டோரில் மிகப் பலர் பஞ்சாபைச் சேர்ந்தவராக இருந்தனர்.

முல்கோவாலுக்கு முன்பே, 1898 மார்ச் 9ஆம் நாள் பம்பாயில் நெசவாளர் பகுதியொன்றில், நோயுற்ற சிறுமியைச் சோதிக்க வந்தோரைத் தடுத்ததில் மூண்ட கலவரத்துக்குப்பின், அரசு தன் பிடியைத் தளர்த்தத் தொடங்கிற்று. சமூகங்கள் தாமே நடத்தும் மருத்துவமனைகள் ஊக்குவிக்கப்பட்டன. வீட்டுச் சோதனைகளில் உள்ளூர்ப் பெரியோர் துணை நாடப்பட்டது. ஊசி அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதற்கிடையே, நோய் பரவும் வழியைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோனின் 1898ஆம் ஆண்டுக் கராச்சி ஆய்வை அறிவுலகம் முதலில் ஏற்க மறுத்தது. 1905 முதல் பம்பாயில் நடந்த ஆய்வுகளே தெள்ளுப்பூச்சியின் பங்கை ஐயமற நிறுவின. அதாவது, மக்களைக் கடுமையாக அடக்கிய முதல் ஆண்டுகளில் அரசு எதை உறுதியாக நம்பியதோ அது பிழையாக இருந்தது.

சென்னை மாகாணத்திலும் இதன் சுவடுகள் உண்டு. நோய்ப்பகுதியிலிருந்து வருவோர் பிளேக் பாஸ்போர்ட் என்னும் சீட்டுப் பெற்று, பத்து நாட்கள் உள்ளூர் அதிகாரிமுன் தோன்றவேண்டியிருந்தது. கோயம்புத்தூரில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்காலத்து அச்சத்தைச் சொல்லிநிற்கின்றன.

1897ஆம் ஆண்டின் அதே சட்டம் 2020இல் கொரோனா பரவியபோது மீண்டும் கையிலெடுக்கப்பட்டது. ஆகவே இவ்வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. கொள்ளைநோய்க் காலத்தில் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் ஒரே குரலில் சொல்வதும், பிழை நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் விசாரித்து வெளியிடுவதும், மக்களின் இசைவைப் பெற்றுச் செயல்படுவதும் மருந்துக்கு நிகரான தடுப்பு முறைகளாகும். அவற்றைக் கைவிட்ட அரசு வதந்தியைத் தண்டனையால் ஒழிக்க முடியாது என்பதே பம்பாய் பிளேக் தரும் தீர்ப்பு.